எது? ஏன்? எப்படி? – ஒரு பொது அறிவு விருந்து



பொது அறிவுப் போட்டி என்றவுடன் நம்மில் பலர் ஒரு வினாவிடை நூலை எடுத்துக்கொண்டு மூலையில் அமர்ந்து மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகின்றோம். உலகிலேயே உயரமான மலை எது? எவரெசுட்டு. உலகிலேயே பெரிய மலர் எது? ரஃப்ளீசியா. இவ்வாறு நூறு விடைகளை நெஞ்சில் நிறுத்திவிட்டால் அறிவு பெற்றுவிட்டோம் என்று எண்ணுகின்றோம். விடைகளை அறிவது நன்றே. ஆயினும், விடையை மட்டும் அறிந்தவன் பூட்டிய பேழையைச் சுமப்பவனை ஒப்பான். ‘ஏன்?’, ‘எப்படி?’ என்னும் வினாக்களே அப்பேழையைத் திறக்கும் சாவிகள் ஆகும்.

ஆகவே, கலை, புவியியல், வரலாறு, அறிவியல் ஆகிய நான்கு துறைகளிலும் சில வினாக்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் விடைகளையும் காரணங்களையும் ஈண்டுக் காண்போம்.

1. கலை

வினா: பாத்திக் துணிக்கும் நடராசர் திருமேனிக்கும் உள்ள ஒற்றுமை யாது?

விந்தையான வினா அன்றோ? ஒன்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் சிறந்து விளங்கும் துணிக்கலை. மற்றொன்று சோழ நாட்டில் தழைத்த வார்ப்புக்கலை. இவ்விரண்டையும் இணைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் மெழுகு.

பாத்திக் கலைஞர் உருகிய மெழுகைக் கொண்டு வெண்துணியின்மீது கோலம் வரைகின்றார். பின்னர்த் துணிக்குச் சாயம் ஏற்றப்படுகின்றது. மெழுகு படிந்த இடங்களில் சாயம் ஏறுவதில்லை. மற்ற இடங்களில் ஏறுகின்றது. இறுதியில் துணியைக் கொதிநீரில் இட்டவுடன் மெழுகு உருகி நீங்கிவிடுகின்றது. மெழுகு இருந்த இடமே அழகிய கோலமாக நிற்கின்றது.

இனிச் செப்புத் திருமேனியைக் காண்போம். சிற்பி முதலில் மெழுகினாலேயே முழு உருவத்தையும் செய்துகொள்கின்றார். அதன்மேல் களிமண்ணைப் பூசி உலர்த்துகின்றார். அதனைச் சூடாக்கும்போது உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறுகின்றது. உள்ளே வெற்றிடம் உண்டாகின்றது. அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகின்றார். உலோகம் ஆறி இறுகிய பின்னர் மண் அச்சினை உடைத்துத் திருமேனியை வெளியே எடுக்கின்றார். அச்சு உடைந்துவிடுவதால், அதே அச்சில் மற்றோர் உருவத்தை வார்க்க இயலாது. எனவே, இம்முறையில் செய்யப்பட்ட ஒவ்வொரு திருமேனியும் தனித்தன்மை வாய்ந்தது. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சுவாமிமலையில் இன்றும் இக்கலை வாழ்ந்து வருகின்றது.

ஈரிடத்தும் மெழுகு தன் பணியை முடித்துவிட்டு மறைந்துவிடுகின்றது. அழகு மட்டும் எஞ்சி நிற்கின்றது.

2. புவியியல்

வினா: கோலாலம்பூரில் நண்பகலில் கதிரவன் உச்சிக்கு வரும் நேரம் எது?

“பன்னிரண்டு மணி” என்று உடனே கூறுவீர்கள். அதுதான் இல்லை. ஏறக்குறைய ஒன்றேகால் மணி என்பதே சரியான விடையாகும். ஏன்?

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவர 24 மணி நேரம் ஆகின்றது. ஒரு முழுச் சுற்று 360 பாகை. 360ஐ 24ஆல் வகுத்தால் 15 வரும். ஆகவே, ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் கடிகாரங்கள் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி முந்தியவை. எட்டைப் பதினைந்தால் பெருக்கினால் 120. அஃதாவது, கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகையில் உள்ள இடங்களுக்கே 12 மணி உண்மையான நண்பகலாகும். கோலாலம்பூரோ ஏறத்தாழ 101.7 பாகையில் அமைந்துள்ளது. வேறுபாடு 18 பாகைக்குச் சற்று மேல். அதனை நான்கால் பெருக்கினால் 73 நிமிடம் கிடைக்கும். எனவேதான் கதிரவன் ஒன்றேகால் மணியளவில் உச்சிக்கு வருகின்றான். ஆண்டின் வெவ்வேறு காலங்களில் இது சில நிமிடங்கள் முன்பின்னாக மாறுவதும் உண்டு.

அங்ஙனமாயின் நம் கடிகாரம் ஏன் இவ்வாறு அமைக்கப்பட்டது? 1981ஆம் ஆண்டு இறுதிவரை தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணியே முந்தியிருந்தது. சாபா, சரவாக் மாநிலங்கள் எட்டு மணி முந்தியிருந்தன. நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக, 1982 சனவரி முதல் நாள் பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பள்ளித் திடலில் ஒரு நேரான கோலை நட்டு வையுங்கள். 12 மணி முதல் 2 மணி வரை, கால் மணிக்கு ஒரு முறை அதன் நிழலை அளந்து குறித்து வாருங்கள். நிழல் மிகக் குறுகும் நேரமே உங்கள் ஊரின் உண்மை நண்பகல். மார்ச்சு மாத இறுதியிலும் செப்டம்பர் மாத நடுவிலும் கோலாலம்பூரில் இதனைச் செய்தால், நிழல் கோலின் அடியிலேயே மறைந்துவிடும் வியப்பினையும் காணலாம். அந்நாள்களில் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கின்றான்.

3. வரலாறு

வினா: கடாரம் என்பது எந்த இடம்?

இன்றைய கெடா மாநிலமே அன்றைய கடாரம். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படையெடுத்து வென்ற இடங்களின் பெயர்கள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கடாரமும் ஒன்று. ‘கடாரங்கொண்டான்’ என்னும் பட்டப்பெயரும் அம்மன்னனுக்கு உண்டு. ஜெராய் மலையடியில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களை இன்றும் காணலாம். வணிகக் கப்பல்கள் வந்து தங்கிய வளமான துறைமுகப் பகுதியாக அது விளங்கியது.

வினா: ரப்பர் மரத்தில் விடிவதற்கு முன் பால் வெட்டுவது ஏன்?

இவ்வினா உங்கள் குடும்ப வரலாற்றோடு தொடர்புடையது. ஆகவே, இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடுகள். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் சிறு பகுதியே முளைத்தது. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. சில சிங்கப்பூரிலும் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரிலும் நடப்பட்டன.

1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை அவர் ஓயாமல் வற்புறுத்தியதால், பலர் அவரைப் ‘பித்தர்’ என்றே எள்ளி நகையாடினர். பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. அப்போதுதான் உலகம் அவருடைய சொல்லின் அருமையை உணர்ந்தது. ரிட்லி நூறாண்டு வாழ்ந்து 1956இல் மறைந்தார்.

தோட்டங்கள் பெருகியபோது அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் கப்பலேறி வந்தனர். விடியற்காலை இருளில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, பால் வாளியுடனும் வெட்டுக் கத்தியுடனும் நிரைக்குச் சென்றனர். அவ்வளவு அதிகாலையில் செல்லக் காரணம் என்ன?

ரப்பர்ப் பால், மரப்பட்டையின் உட்பகுதியிலுள்ள நுண்ணிய குழாய்களில் நிறைந்திருக்கின்றது. இரவில் காற்று குளிர்ந்திருக்கும். இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. ஆகவே, விடியற்காலையில் அக்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கின்றது. அப்போது வெட்டினால் பால் நன்றாகவும் நெடுநேரமும் வடியும். வெயில் ஏறியபின் இலைகள் நீரை இழப்பதால் அழுத்தம் குறைந்து, பாலும் குறைந்துவிடும்.

வெட்டுக்கோடு ஏன் சாய்வாக உள்ளது? அக்குழாய்கள் நேராக மேலே செல்லாமல் சற்றுச் சாய்ந்து மரத்தைச் சுற்றிச் செல்கின்றன. மரத்தை நோக்கி நிற்பவருக்கு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் கோடு அமையுமாறு வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். பாலும் வழிந்து மங்கில் சேரும். கத்தி சற்று ஆழமாக இறங்கிவிட்டாலோ, பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் புண்பட்டு மரம் கெட்டுவிடும். பட்டையின் தடிப்பை உணர்ந்து, அரை இருளில், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிய கைகள் எத்துணைத் திறம் வாய்ந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள்! எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாத நம் முன்னோர் பலர், இந்நுட்பத்தைக் கையாலும் கண்ணாலும் கற்றிருந்தனர். உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ பால் வெட்டியவராயின், இன்று மாலையே அவரிடம் அமர்ந்து கேளுங்கள். எந்நூலிலும் கிடைக்காத பாடம் அங்கே கிடைக்கும்.

4. அறிவியல்

வினா: கதிரவக் குடும்பத்தில் மிகவும் வெப்பமான கோள் எது?

இவ்வினாவைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வகுப்பில் இவ்வினாவைக் கேட்டேன். எல்லா மாணவரும் “புதன்” என்றனர். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும் “வெள்ளி” என்றாள். வகுப்பே சிரித்தது. கதிரவனுக்கு மிக அருகில் இருப்பது புதன்தானே என்று நானும் அவ்விடையைத் தவறென்று குறித்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் அமர்ந்துவிட்டாள். அன்று மாலை நூலகத்தில் தேடிப் பார்த்தபோது என் தவறு எனக்குத் தெரிந்தது.

புதன் கதிரவனிலிருந்து ஏறத்தாழ 5 கோடியே 80 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலும், வெள்ளி 10 கோடியே 80 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. ஆயினும், புதனுக்கு வெப்பத்தைக் காத்துவைக்கும் காற்று மண்டலம் இல்லை. அதன் பகல் வெப்பம் ஏறத்தாழ 430 பாகை செல்சியசு. இரவிலோ சுழிக்குக் கீழ் 180 பாகைவரை குளிர்ந்துவிடும். வெள்ளியைக் கரியமில வாயு கம்பளிபோல் போர்த்தியுள்ளது. உள்ளே புகுந்த வெப்பம் எளிதில் வெளியேற இயலாததால், இரவும் பகலும் ஏறத்தாழ 465 பாகை வெப்பம் நிலைத்திருக்கின்றது.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அம்மாணவியின் விடையே சரி என்று கூறி, மதிப்பெண்ணையும் திருத்தினேன். “உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டேன். “அருகில் இருந்தால் மட்டும் போதுமா என்று ஐயம் வந்தது, ஐயா, படித்துப் பார்த்தேன்” என்றாள். அன்று பாடம் கற்றவன் நான்தான்.

வினா: கடல் நீலமாக இருப்பது ஏன்?

வானின் நீலமே கடலில் தெரிகின்றது என்று அறிஞர் பெருமக்களே ஒரு காலத்தில் கருதினர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன் 1921ஆம் ஆண்டு கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு அக்கருத்தை ஐயுற்றார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை ஒரு படிகக் கருவியால் தடுத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே தோன்றியது! நீர் செந்நிற ஒளியை மிகுதியாக உட்கொள்வதும், நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதுமே கடலின் நீலத்திற்குக் காரணங்களாகும். ஒளிச்சிதறலைத் தொடர்ந்து ஆராய்ந்த இராமன், 1928 பிப்ரவரி 28ஆம் நாள் ‘இராமன் விளைவை’க் கண்டறிந்தார், 1930இல் நோபெல் பரிசு பெற்றார்.

விடைகளும் வளரும்

மாணவமணிகளே! நூலில் உள்ள விடை என்றென்றும் மாறாதது என்று எண்ணிவிடாதீர்கள். பழைய நூல்களில் கோள்கள் ஒன்பது என்றிருக்கும். 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோ, 2006ஆம் ஆண்டு குறுங்கோள் என வகைப்படுத்தப்பட்டதால் இன்று கோள்கள் எட்டே. எவரெசுட்டின் உயரம் 8,848 மீட்டர் என்றிருக்கும். 2020ஆம் ஆண்டு நேப்பாளமும் சீனாவும் இணைந்து அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். சீனப் பெருஞ்சுவரை நிலவிலிருந்து காணலாம் என்றும் சில நூல்கள் கூறும். அது வெறும் கட்டுக்கதை.

இனி, கீழ்க்காணும் வினாக்களுக்கு நீங்களே விடை கண்டு, ஒவ்வொன்றின் காரணத்தையும் இரண்டு வரிகளில் எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

1. கினபாலு மலை உச்சியில் கோத்தா கினபாலு நகரைவிடக் குளிர் மிகுந்திருப்பது ஏன்?
2. ரஃப்ளீசியா மலருக்கு இலையும் தண்டும் இல்லை. அஃது உணவைப் பெறுவது எப்படி?
3. கோலாலம்பூரைவிடக் கோத்தா கினபாலுவில் கதிரவன் முன்னதாக எழுவது ஏன்?
4. பனி மூடிய அண்டார்ட்டிக்காவையும் பாலைவனம் என்று அழைப்பது ஏன்?

விடை தெரியாமை இழுக்கன்று, கேளாதிருப்பதே இழுக்கு. வகுப்பே சிரித்தாலும் ஐயத்தை அஞ்சாது கேளுங்கள். இன்று பின்வரிசையில் எழும் ஒரு வினா, நாளை ஆசிரியருக்கும் அறிவூட்டக்கூடும். கேட்போம், ஆராய்வோம், அறிவில் உயர்வோம்!