மஞ்சளும் எலுமிச்சையும் சொல்லும் பாடம்



வெள்ளைச் சட்டையில் சால்னா சிந்திய இடத்தில் சோப்புப் போட்டதும், மஞ்சள் கறை சிவந்துவிடுகிறது. ஏன் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வோம்? விடை அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. இந்த விடுமுறையில் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதல் சோதனை: ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் தடவி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்ததும் தூளை உதறிவிட்டு, தாளைத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், நிறம் மாறாது. இன்னொன்றில் சோப்புத் தண்ணீர் விடுங்கள், சிவக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் மீண்டும் மஞ்சளாகும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமியே இதற்குக் காரணம். அது காரத்தில் சிவக்கும். அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். இங்கே காரம் என்பது மிளகாயின் உறைப்பு அல்ல. சோப்பு, சுண்ணாம்பு போன்றவற்றின் தன்மை. புளி, தயிர், எலுமிச்சை ஆகியவை அமிலத் தன்மை கொண்டவை.

இரண்டாம் சோதனை: அகலமான கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவைப் போட்டு, எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கும். வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு. இட்லி மாவு பொங்குவதும் இந்த வாயுவால்தான். இதை மூடிய பாட்டிலில் மட்டும் செய்யக் கூடாது. வாயு நெருக்கி வெடித்துவிடும்.

இரண்டு பொருள்கள் சேர்ந்தால் மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது என்பதே இதில் பிள்ளைகள் அறிய வேண்டிய பாடம். கிண்ணத்தில் பிறந்தது தீங்கற்றது. ஆனால் கழிவறையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் பிறப்பது குளோரின் என்ற நச்சு வாயு. அது கண்ணையும் நுரையீரலையும் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். நன்றாகச் சுத்தமாகும் என்று எண்ணி இரண்டையும் கலக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தால், இன்றே நிறுத்துவோம். கண் எரிந்து மூச்சு முட்டினால் உடனே வெளியேறி நல்ல காற்றில் நில்லுங்கள், 108ஐ அழையுங்கள்.

சோதனைக்குச் சமையல் பொருளும் சோப்பும் போதும். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். சோதித்த எதையும் சுவைக்க வேண்டாம். முடிந்ததும் கை கழுவட்டும். பார்த்ததைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைக்கட்டும். ஏன் என்று கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்காமல், சேர்ந்து விடை தேடுவோம், இன்ஷா அல்லாஹ்.