சீல் உடையவில்லை, சரக்கு நனைந்துவிட்டது: யார் பொறுப்பு?

கேள்வி:

ஐயா, கோயம்புத்தூரில் சிறிய அளவில் மோட்டார் பம்ப்செட் தயாரிக்கிறேன். இத்தனை நாள் வடகிழக்கு மாநிலங்களுக்கு லாரியில்தான் சரக்கு அனுப்பிவந்தேன். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று, குவாஹாட்டி டீலருக்கு 400 பம்ப்செட்டுகளை முதல் முறையாகக் கன்டெய்னர் ரயிலில் அனுப்பினேன். எங்கள் பட்டறை வாசலில் எடுத்து டீலர் கடையில் இறக்கும் வரை ஒரே வாடகை என்று புக்கிங் ஏஜென்ட் ஒருவர் பேசி, பணத்தையும் மொத்தமாக வாங்கிக்கொண்டார். சென்னை வரை டிரெய்லர், அதன்பின் ரயில், அங்கே மறுபடியும் டிரெய்லர். போய்ச் சேர்ந்து திறந்து பார்த்தால் 60 பெட்டிகள் நனைந்து, காயில் எல்லாம் கெட்டிருந்தன. நஷ்டம் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். சீல் உடையவில்லை. கன்டெய்னர் கூரையில் சிறிய ஓட்டை இருந்ததாக டீலர் சொல்கிறார். ஏஜென்ட், "நான் இடையில் நிற்பவன் மட்டும்தான்" என்கிறார். டிரெய்லர்காரர், "என் வண்டியில் இருந்தவரை மழையே இல்லை" என்கிறார். கன்டெய்னர் நிறுவனமோ, "சீல் சரியாக இருந்தால் எங்கள் பொறுப்பு முடிந்தது" என்கிறது. ஏற்றுமதி செய்யும் என் நண்பர், தன் சரக்குக்கு ஒரே ஆவணம், ஒரே பொறுப்பாளி என்று தனிச் சட்டமே இருப்பதாகச் சொல்கிறார். அந்தச் சட்டம் எனக்கு ஏன் பொருந்தாது?

— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கேள்விக்குப் போகும் முன் கெடுவைச் சொல்லிவிடுகிறேன். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கைப் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் பிறகு வழக்குப் போட முடியும். சேதம் தெரியவந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து. ரயில்வேயிடம் இழப்பீடு கேட்பதானால், சரக்கு அவர்கள் வசம் போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே ஏஜென்ட், இரண்டு டிரெய்லர் உரிமையாளர்கள், கன்டெய்னர் நிறுவனம், ரயில்வே ஆகிய அனைவருக்கும் இந்த வாரமே ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தவறு யாருடையது என்று தெரிந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருந்தவர்கள் வழக்கே போட முடியாமல் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூரை ஓட்டையைக் கன்டெய்னர் எண்ணும் தெரியும்படி டீலர் படம் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அந்தக் கன்டெய்னர் உங்களுடையது அல்ல, அவர்கள் கொடுத்தது. சரக்கு ஏற்றத் தகுதியில்லாத பெட்டியைக் கொடுத்தவர், சீல் உடையவில்லை என்று காட்டித் தப்பிவிட முடியாது. மழைநீர் சீலைத் தொட்டா உள்ளே வந்தது?

ஏஜென்ட் சொல்வதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2007 சட்டம் பொதுச் சரக்கேற்றுநர் என்பதற்குத் தரும் விளக்கத்தில் புக்கிங் நிறுவனம், ஒப்பந்தக்காரர், ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் அடக்கம். சொந்தமாக வண்டி இல்லை என்பது அவரைக் காப்பாற்றாது. வாசல் முதல் வாசல் வரை ஒரே வாடகை பேசி வாங்கியிருப்பதால், முழுப் பயணத்துக்கும் ஒப்பந்தம் செய்தவர் அவரே என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. வாட்ஸாப்பில் பேரம் பேசியது, பணம் போட்டது எதையும் அழித்துவிடாதீர்கள்.

காப்பீடு எடுத்திருந்தீர்களா என்று எழுதவில்லை. எடுத்திருந்தால் உடனே தெரிவித்து சர்வேயரை வரவழையுங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதிகள் உண்டு. சி தீவிபத்துக்கும் இடிமின்னலுக்கும் மட்டும். பி அவற்றோடு வண்டி கவிழ்வது, மோதுவது, தடம் புரள்வது போன்றவற்றுக்கும் பொருந்தும். நனைந்ததற்கு இழப்பீடு வேண்டுமானால் ஏ இருந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. நண்பர் சொல்வது உண்மை. 1993-ஆம் ஆண்டின் பல்வகைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தைத்தான் அவர் சொல்கிறார். லாரி, ரயில், கப்பல் என எத்தனை வழி மாறினாலும் ஒருவரே ஒப்பந்தம் செய்து, ஒரே ஆவணம் கொடுத்து, முழுப் பயணத்துக்கும் அவரே பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். சரக்கு தன் வசம் இருந்தபோது சேதமானால், தன் மேலும் தன் ஆட்கள் மேலும் தவறில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். எந்த இடத்தில் நனைந்தது என்று சரக்கு அனுப்பியவர் அலைய வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவுக்குள் ஓர் இடத்திலிருந்து இந்தியாவுக்கு வெளியே ஓர் இடத்துக்குப் போகும் சரக்குக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். குவாஹாட்டிக்கு அனுப்பும் உங்களுக்கு அது இல்லை. வெளிநாட்டிலிருந்து மூலப்பொருள் வரவழைத்தாலும் இல்லை.

இது என்ன வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று உங்கள் பம்ப்செட்டையே வைத்துப் பார்ப்போம். ஒன்றின் விலை 6,000 ரூபாய், எடை சுமார் 15 கிலோ என்று கொள்வோம். அதே பெட்டி தூத்துக்குடி வழியாகத் துபாய்க்குப் போய், எங்கே நனைந்தது என்று தெரியாமல் கெட்டிருந்தால், 1993 சட்டப்படி பொறுப்பின் உச்சவரம்பு ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இவற்றில் எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்றின் மதிப்பு நூறு ரூபாய்க்கு மேல். உங்கள் பெட்டியின் முழு விலையும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அதே பெட்டி குவாஹாட்டிக்குப் போகும்போது ரயிலில் நனைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய். 1990-இல் வந்த விதி அது. பெட்டிக்கு 750 ரூபாய், 60 பெட்டிக்கு 45,000 ரூபாய். டிரெய்லரில் நனைந்ததென்றால் கணக்கு வேறு: சாலைச் சட்டத்தின் விதிப்படி, மதிப்பை அறிவிக்காவிட்டால் வாடகையின் பத்து மடங்கு வரைதான். நீங்கள் மொத்தமாகக் கொடுத்த பணத்தில் அந்த டிரெய்லரின் வாடகை எவ்வளவு என்று உங்கள் கையில் உள்ள எந்தக் காகிதமும் சொல்லாது.

இதைவிடப் பெரிய சிக்கல் வழக்கு போடும் இடத்தில். ரயில்வே மீதான சரக்குக் கோரிக்கைகளை 1987 சட்டத்தின் கீழ் அமைந்த ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம் மட்டும்தான் விசாரிக்கலாம். டிரெய்லர்காரரையும் ஏஜென்ட்டையும் அங்கே இழுக்க முடியாது. அவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம். ஆக, ஒரே மழைக்கு இரண்டு வழக்கு. ஒன்றில் டிரெய்லர்காரர் ரயிலைக் கைகாட்டுவார். இன்னொன்றில் ரயில்வே டிரெய்லரைக் கைகாட்டும். இரண்டு இடத்திலும் நீங்கள் தோற்கலாம். போதாததற்கு, கன்டெய்னர் ரயிலில் ரயில்வே ரசீது பெரும்பாலும் கன்டெய்னர் நிறுவனத்தின் பெயரில்தான் எழுதப்படும். உங்கள் பெயரே அதில் இருக்காது.

ஏற்றுமதிக்கு மட்டும் ஏன் இந்த வசதி? அது பிறந்த காலம் அப்படி. 1992 அக்டோபர் 16 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும் சட்டம் அது. அந்நியச் செலாவணிக்கு நாடு திண்டாடி, பொருளாதாரத்தைத் திறந்துவிட்டிருந்த நேரம். உள்நாட்டு ஊர்களில் கன்டெய்னர் டிப்போக்கள் வரத் தொடங்கியிருந்தன. டிப்போவிலேயே கிடைக்கும் ஒற்றை ஆவணத்தை வங்கியில் கொடுத்துப் பணம் பெற ஏற்றுமதியாளர்களுக்கு வழி தேவைப்பட்டது. அந்தத் தேவையைச் சட்டம் நிறைவேற்றியது. குறை சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எல்லையை விரிக்காமல் இருப்பதைத்தான் குறை சொல்வேன்.

நாடு சும்மா இருந்துவிடவில்லை. 2021 அக்டோபரில் கதிசக்தித் திட்டம், 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை என்று வந்தன. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில் பல்வகைச் சரக்குப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025-இல் நாடாளுமன்றம் 1856-ஆம் ஆண்டின் பில் ஆஃப் லேடிங் சட்டத்தையும் 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குச் சட்டத்தையும் விலக்கிவிட்டுப் புதியவற்றைக் கொண்டுவந்தது. கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கும் தனிச் சட்டம் வந்தது. எல்லாம் தேவையானவை. ஆனால் கடலுக்குக் கடல் சட்டம், சாலைக்குச் சாலைச் சட்டம், ரயிலுக்கு ரயில் சட்டம் என்று தனித்தனியாகவே அவை நிற்கின்றன. ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குச் சரக்கு கைமாறும் இடத்தில்தான் உங்கள் 60 பெட்டிகள் அனாதையாகக் கிடக்கின்றன.

1951-இல் நாட்டின் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரயிலில் போனது. இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்டவாளமும் வேகன்களும் போதாதது, பயணிகள் கட்டணத்தை ஈடுகட்டச் சரக்குக் கட்டணத்தை ஏற்றியது என்று காரணங்கள் பல உண்டு. அவற்றோடு இந்தப் பொறுப்புக் குழப்பத்தையும் நான் சேர்ப்பேன். லாரியில் அனுப்பினால் நஷ்டத்துக்கு ஒரே ஆளைப் பிடித்தால் போதும். ரயிலுக்கு மாறினால் ஐந்து பேரைத் துரத்த வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள், அது தாங்கிக்கொள்ளும். உங்களைப் போன்றவர் ஒருமுறை அடிபட்டால் மறுபடி லாரிக்கே திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு எத்தனை ஏக்கரில் பூங்கா அமைத்து என்ன பயன்?

பிரேசிலின் கதை இங்கே பொருத்தமானது. அவர்கள் 1998-லேயே 9,611 எண் கொண்ட சட்டத்தால் உள்நாட்டுச் சரக்குக்கும் ஒற்றை ஆவணம், ஒற்றைப் பொறுப்பு என்று கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் அது ஓடவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட வரி, சரக்கு எல்லை தாண்டும்போது ஒற்றை ஆவணத்தை ஏற்க இடம் தரவில்லை. காப்பீட்டுச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2023-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி அந்த வரியை மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள். நமக்கு நேர்மாறு. 2017-இல் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் போயின. அடுத்த ஆண்டு நாடெங்கும் ஒரே இ-வே பில் வந்தது. அவர்களைத் தடுத்த சுவர் நம்மிடம் விழுந்துவிட்டது. அவர்கள் எழுதிய சட்டத்தை மட்டும் நாம் இன்னும் எழுதவில்லை.

எழுதும்போது 1993 சட்டத்தை அப்படியே உள்நாட்டுக்கு நீட்டினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சேதம் எந்தக் கட்டத்தில் நடந்தது என்று தெரிந்தால் அந்தக் கட்டத்துக்குரிய சட்டத்தின் உச்சவரம்பே செல்லும் என்கிறது. ரயிலில் நனைந்தது என்று தெரிந்துவிட்டால் பழைய 50 ரூபாய்க் கணக்கே திரும்ப வந்துவிடும். எங்கே கெட்டது என்று தெரியாமல் இருப்பதே சரக்குக்காரருக்கு லாபம் என்ற நிலை நல்ல சட்டத்துக்கு அழகல்ல. எந்தக் கட்டமாக இருந்தாலும் ஒரே வரம்பு என்றுதான் உள்நாட்டுச் சட்டம் இருக்க வேண்டும். பிறகு ரயில்வேயிடமோ லாரிக்காரரிடமோ தன் பங்கை வசூலிப்பது, முழுப் பயணத்துக்கும் ஒப்பந்தம் செய்தவரின் வேலை. இதில் ரயில்வேயின் 50 ரூபாய் வரம்பை உயர்த்தாமல் விட்டால் ஒப்பந்தக்காரர் நசுங்கிப்போவார். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

பதிவு விதிகளும் மாற வேண்டும். ஏற்றுமதிச் சட்டப்படி பதிவு பெற 50 லட்சம் ரூபாய் வணிகமோ மூலதனமோ வேண்டும். குறைந்தது இரண்டு வெளிநாடுகளில் கிளையோ ஏஜென்ட்டோ இருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து குவாஹாட்டிக்கு அனுப்புபவருக்கு வெளிநாட்டில் கிளை எதற்கு? அதற்குப் பதிலாகப் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கலாம். கெடுவும் ஒன்றாக வேண்டும். இப்போது சாலைக்கு 180 நாள் நோட்டீஸ், ரயிலுக்கு ஆறு மாதம், ஏற்றுமதி ஆவணத்துக்கு வழக்குப் போடவே ஒன்பது மாதம்தான், கடலுக்கு ஓராண்டு. வக்கீல்களே தடுமாறும் இடம் இது. தீர்ப்பாயமும் ஒன்றே போதும்.

இந்த மாற்றங்களை எதிர்ப்பவர்களில் சிறு லாரி உரிமையாளர்களும் உண்டு. பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு தங்களைக் கூலிக்கு ஓட்டுபவர்களாக்கிவிடும் என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஒப்பந்தக்காரர் தன் முழுப் பொறுப்பையும் கீழே இருக்கும் ஒற்றை வண்டிக்காரர் தலையில் கட்ட முடியாதபடி, அவரிடமிருந்து வசூலிக்கும் தொகைக்குச் சட்டத்திலேயே உச்சவரம்பு வைக்க வேண்டும். வாடகையைக் குறித்த நாளுக்குள் கொடுக்கும் கடமையையும் சேர்க்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத மசோதாவை நான் ஆதரிக்க மாட்டேன்.

சட்டம் வரும்வரை உங்கள் அடுத்த லோடுக்கு ஒன்று செய்யலாம். ஒப்பந்தச் சுதந்திரம் இன்றைக்கும் உங்களிடம் இருக்கிறது. சரக்கு எந்தக் கட்டத்தில் கெட்டாலும் முழுப் பயணத்துக்கும் தானே பொறுப்பு என்றும், சரக்கின் மதிப்பு இவ்வளவு என்றும் ஏஜென்ட்டிடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய பொறுப்புக் காப்பீட்டின் நகலையும் கேளுங்கள். கன்டெய்னரில் ஏற்றும் முன் ஓர் ஆளை உள்ளே நிறுத்திக் கதவை மூடச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் உற்பத்தியாளர் சங்கத்தின் மூலம் மத்திய வணிக அமைச்சகத்துக்கும் துறைமுக, கப்பல் அமைச்சகத்துக்கும் இந்த 60 பெட்டிக் கணக்கை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஏற்றுமதிக்கு இவ்வளவு, உள்நாட்டுக்கு இவ்வளவு என்று இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனுப்புங்கள்.