பருவ வயதுப் பிள்ளையும் உடற்பருமனும்

பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியத்தின் அடையாளம் என்று கருதும் வழக்கம் நம்மவரிடையே நெடுநாளாக உண்டு. கைக்குழந்தையின் செழுமையைக் கண்டு மகிழ்ந்த பெற்றோர், அதே பிள்ளை பதின்மூன்று வயதில் பள்ளித் திடலில் ஓட இயலாமல் மூச்சு வாங்கும்போது திகைக்கின்றனர். பின்னர் ஏசத் தொடங்குகின்றனர். ஏசினால் எடை குறையுமா? அண்டை நாடாகிய சிங்கப்பூர் இதனைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்துவிட்டது.

அந்நாட்டின் கல்வி அமைச்சு 1992-ஆம் ஆண்டில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்னும் திட்டத்தைப் பள்ளிகளில் தொடங்கியது. எடை மிகுந்த மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டனர். சில பள்ளிகளில் இடைவேளையின்போது மற்றவர் உண்டு களித்திருக்க, இவர்கள் திடலைச் சுற்றி ஓடினர். கணக்கில் பயன் தெரிந்தது. பருத்த மாணவரின் விகிதம் 10 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. ஆனால் திட்டத்தின் பெயரைச் சுருக்கிய மூன்று ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் ‘கொழுத்த’ என்று பொருள்படும் சொல் வரும். சிறுவர்கள் இதனைக் கண்டுகொள்ள எத்தனை நாளாகும்! கேலிக்கு ஆளான பிள்ளைகள் மனம் குன்றினர். பெற்றோரும் குறை கூறினர். 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான உடல்நல முறை வந்தது. 2011 முதல் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் உணவையே திருத்தும் முயற்சி தொடங்கியது. பருமன் ஒழிந்துவிடவில்லை, 2017-இல் 13 விழுக்காடாக இருந்தது 2021-இல் 16 ஆயிற்று. எனினும் பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தும் பழைய முறைக்கு அவர்கள் திரும்பவில்லை.

நம் வீடுகளிலோ ‘குண்டு’ என்று பட்டப்பெயர் சூட்டுவோர் அயலார் அல்லர். மாமன், அத்தை, சில வேளைகளில் பெற்ற தாயே. நாணமடைந்த பிள்ளை பலர் முன்னிலையில் உண்ணாது, மறைவில் உண்ணும்.

தோட்டத்தில் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிப் பால் சுமக்கும் தந்தைக்கு ஒரு தட்டுச் சோறு தகும். பகலெல்லாம் வகுப்பிலும், மாலையெல்லாம் கைபேசியின் முன்னும் அமர்ந்திருக்கும் மகனுக்கும் அதே அளவைப் பரிமாறுகிறோம். இதற்காக அவனைப் பட்டினி போடுதல் ஆகாது. அவன் வளரும் பருவத்தினன். எடை ஏறாது நின்று, உயரம் கூடினாலே உடல் பெரும்பாலும் சீரடைந்துவிடும். அவனுக்கெனத் தனிச் சமையல் வேண்டா. பானையில் காய்கறியும் பருப்பும் மிகுந்து, எண்ணெய் குறைந்து, வீட்டார் அனைவரும் அதையே உண்ணட்டும்.

பானங்களில்தான் எளிதில் ஏமாந்துவிடுகிறோம். சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில், தேக்கா உணவுக்கடைகளில் ‘தே’ என்று கேட்டால் டின்பால் கலந்து வரும். ‘தே ஓ கோசோங்’ என்றால் பாலுமில்லை, சீனியுமில்லை. இச்சொல் நமக்கும் தெரிந்ததே. கேட்பதற்குத்தான் நா எழுவதில்லை! அந்நாட்டில் 2022 டிசம்பர் 30 முதல், சீனி மிகுந்த போத்தல், டின் பானங்கள் தரக்குறியைத் தாங்கியே விற்கப்படுகின்றன. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் கடைசித் தரமான ‘டி’. அத்தகைய 320 மில்லிலிட்டர் டின் ஒன்றைக் குடிப்பவர் எட்டுத் தேக்கரண்டிச் சீனிக்குமேல் விழுங்குகிறார். வீட்டில் அதனை வாங்கி வைத்துவிட்டு, ‘குடிக்காதே’ என்று பிள்ளையை அதட்டுவதில் நியாயமில்லை.

இறுதியாக, தாய்மார்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்றுண்டு. பருத்த பிள்ளையின் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்துக் காணப்படலாம். அழுக்கென எண்ணிப் பலர் அதனைத் தேய்த்துக் கழுவுகின்றனர். அது அழுக்கன்று, இன்சுலின் சரிவரச் செயற்படாமையைக் காட்டும் குறியாக இருக்கலாம். நீரிழிவு நம்மவர் குடும்பங்களில் மிகுதி. ஆதலின் அத்தகைய பிள்ளையை அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று, இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.