ரேடியோ ஏன் கரகரக்குது?



எங்கள் தாத்தா கடலுக்குப் போனவர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. அப்புறம் பல நாள் கரண்ட் இல்லையாம். பேட்டரி ரேடியோதான் சேதி சொன்னதாம். அந்த ரேடியோ இன்னும் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு மலிவு எல்.இ.டி. பல்பைப் போட்டால் மீடியம் வேவில் ஒரே கர்ர்ர். அதனால் காற்று எச்சரிக்கை கேட்கும் நேரம் எங்கள் வீட்டில் இருட்டுதான்!

பாலிடெக்னிக் படிக்கும் அண்ணனிடம் கேட்டேன். பல்புக்குள் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கு. அது மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. அதில் உண்டாகும் இரைச்சல் ஒயர் வழியாக வெளியே போகும். வீட்டு ஒயரே ஏரியல் மாதிரி ஆகிவிடும். ரேடியோ பேட்டரியில் ஓடினாலும் கரகரப்பது இதனால்தான்.

சரி, இந்த இரைச்சலை எப்படி அளப்பது? ஒரு வீட்டில் ஒயர் நீளம், இன்னொரு வீட்டில் குட்டை. அதே பல்பு கடலூரில் ஒரு அளவு காட்டும், சிதம்பரத்தில் வேறு அளவு காட்டும். பக்கத்து வீட்டு மோட்டார் இரைச்சலும் கலந்துவிடும். ஆளுக்கொரு மரக்காலில் நெல் அளந்த மாதிரிதான்.

அதற்குத்தான் 'லிஸ்ன்' என்ற பெட்டி. முழுப் பெயர் லைன் இம்பீடன்ஸ் ஸ்டெபிலைசேஷன் நெட்வொர்க். இம்பீடன்ஸ் என்றால் மாறுதிசை மின்னோட்டத்துக்கு உண்டாகும் தடை. பிளக்குக்கும் பல்புக்கும் நடுவில் இதை வைப்பார்கள். உள்ளே முக்கியமாக 50 மைக்ரோஹென்றி கம்பிச்சுருள் ஒன்றும் மின்தேக்கிகளும் இருக்கும்.

அண்ணன் சொன்ன 2πfL சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதற்குச் சுருள் தரும் தடை 0.016 ஓம்தான், இல்லாத மாதிரி. 10 லட்சம் ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கோ 314 ஓம்! இரண்டு தடவை கணக்குப் போட்டுத்தான் நம்பினேன். அதனால் கரண்ட் தாராளமாகப் போகும். வெளி இரைச்சல் உள்ளே வராது. பல்பின் இரைச்சலும் சுருளைத் தாண்ட முடியாமல், மின்தேக்கி வழியாக 50 ஓம் மீட்டருக்குப் போய்ச் சேரும். எந்த ஊரில் சோதித்தாலும் பல்புக்கு எதிரே இருக்கும் தடை ஒரே மாதிரி.

பொதுவாக 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இப்படி அளப்பார்கள். மீடியம் வேவ் இதற்குள் இருக்கிறது. கார், வேன் சாமான்களுக்கு 5 மைக்ரோஹென்றி லிஸ்ன் தனியாக உண்டு. வண்டிக்குள் ஒயர் குட்டைதானே! பெட்டியில் உள்ள மின்தேக்கி எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் கொடுக்காமல் தொட்டால் ஷாக் அடிக்கும், ஜாக்கிரதை.

ரேடியோ இரைச்சலுக்கு அளவு வகுக்க 'சிஸ்பர்' என்ற உலகக் குழு 1934-லேயே தொடங்கிவிட்டது. நம் மாநிலத்தில் சென்னை தரமணியில் உள்ள 'சமீர்' மையத்தில் இந்த மாதிரி சோதனைகள் நடக்கின்றன.

நீங்களும் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு பல்பாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் பழைய குண்டு பல்பு மட்டும் சத்தம் போடவே இல்லை. ஏன் என்று தெரிந்தவர்கள் பக்கத்துத் தாளில் எழுதவும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி