உட்கார்ந்த இடத்திலேயே உடம்பை அசைக்கலாம்!

வலை இழுத்த கையும் மீன்கூடை சுமந்த தோளும் வயதானதும் முடங்கிவிடக் கூடாது. எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் வெயிலும் ஆலைப் புகையும் வெளியே நடக்கவிடாத நாட்களில், வீட்டுக்குள்ளேயே செய்யச் சில வழிகள்:

● பெடல் சைக்கிள்: நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்து மிதிக்கும் சிறிய வகை போதும். நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். பெடலுக்கு அடியில் ரப்பர் பாய் விரியுங்கள். முதல் வாரம் தினம் 5 நிமிடம், பிறகு மெல்லக் கூட்டுங்கள். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

● தண்ணீர் பாட்டில்: நிரப்பிய அரை லிட்டர் பாட்டில் அரை கிலோ எடை. கைக்கு 10 முறை மடக்கி நீட்டுங்கள்.

● நாற்காலி: வழுக்காத மர நாற்காலியில் 10 முறை எழுந்து உட்காருங்கள். தொடை வலுத்தால் கழிவறையில் எழுவதும் சுலபம்.

● துரு கவனம்: உப்புக்காற்று இரும்பை அரிக்கும். பெடலை உலர்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள்.

● எவ்வளவு? 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் சமநிலைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எச்சரிக்கை: இதய நோய், மூட்டு வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு இறுகினாலோ மூச்சு திணறினாலோ உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.