புது வருடப் பறவைப் பட்டியல்: பக்கத்து ஏரியே போதும்

புது வருடப் பட்டியலைத் தொடங்க வேடந்தாங்கலுக்கோ பழவேற்காட்டுக்கோ ஓட வேண்டாம். ஆவடி பருத்திப்பட்டு, அம்பத்தூர், செம்பரம்பாக்கம் என வீட்டுக்கு எந்த ஏரி பக்கமோ அங்கே விடிந்ததும் போய்விடுங்கள். பக்கத்தில் இருந்தால்தான் வாராவாரம் போக முடியும். வாலாட்டி, தகைவிலான் போன்ற குளிர்கால விருந்தாளிகளை முதலில் தேடுங்கள். அவை கோடைக்குள் கிளம்பிவிடும், மைனா எங்கும் போகாது. வெயில் முதுகில் விழும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான், நாமக்கோழியின் வெள்ளை நெற்றிகூடச் சட்டென்று பிடிபடாது.

"சாக்கடை கலக்கிற ஏரியில் என்ன பறவை வரும்?" என்று கேட்பார்கள். கலப்பது கொடுமை, தடுத்தே ஆக வேண்டும். ஆனாலும் சேற்றோரத்தை விடாமல் பாருங்கள்; நெடுங்கால் உள்ளான் இளஞ்சிவப்புக் கால்களை எடுத்து வைத்துப் பூச்சி பொறுக்குவது அங்கேதான். காகத்தையும் விடாமல் எண்ணி எழுதுங்கள். இன்று எண்ணாததை நாளை குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு ஒரே இடத்தில் 15 நிமிடம் பார்த்து பட்டியலை இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுங்கள். உங்கள் ஏரியும் கணக்கில் சேரும்.