மூன்று பெண்களின் தகப்பனுக்கு

பாண்டுப் மேற்கு,
மும்பை.

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். தாயும் இரட்டைப் பிள்ளைகளும் நலம். ஒருத்தி 1 கிலோ 900, மற்றவள் 2 கிலோ 100. மஸ்கட்டில் நீ போனில் படம் பார்த்திருப்பாய். ஆனால் போனில் பேசினால் பக்கத்தில் யாராவது நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நம் சால் குடியிருப்பில் இருப்பவர்கள் நல்லவர்கள். வலி எடுத்த ராத்திரியில் மேட்டிலிருந்து உன் பெண்டாட்டியைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றியது அவர்கள்தான். அதே ஆட்கள் இப்போது குழந்தைகளைப் பார்க்க வந்து, மூத்தவளையும் சேர்த்து "மூணுமே பொண்ணா?" என்று கேட்டுவிட்டு ஆறுதல் சொல்லிப் போகிறார்கள். ஆறுதல் சொல்ல இந்த வீட்டில் என்ன நடந்துவிட்டது? உன் பெண்டாட்டி ஏதோ குற்றம் செய்தவளாட்டம் தலையைக் குனிந்துகொள்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. ஆணா பெண்ணா என்பது தகப்பனின் உயிரணுவால் முடிவாவது. மகப்பேறு வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் இதை நான் மாமியார்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தகப்பன்காரன் சொன்னால்தான் வீடு கேட்கும். நீ உன் அம்மாவிடம் சொல். எனக்கு மூன்று பெண்கள், எனக்குச் சந்தோஷம், இதற்கு மேல் பேச்சில்லை என்று உன் வாயால் சொல்.

ஏனென்றால் "அடுத்தது பையனாகப் பிறக்கும்" என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. தையல் ஆறுவதற்குள். ஊரில் இருக்கும் உன் சித்தப்பா, எங்கேயோ ஸ்கேன் பார்த்து முன்கூட்டியே சொல்லுவார்களாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுத்து இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்டது மகாராஷ்டிரம்தான், 1988ல். இந்த மும்பையில் பெண்கள் இயக்கங்கள் போராடிப் பெற்ற சட்டம் அது. 1994ல்தான் நாடு முழுமைக்கும் வந்தது. அப்படியும் பார்: ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இந்த மாநிலத்தில் 2001ல் 913 பெண் குழந்தைகள், 2011 கணக்கெடுப்பில் 894. சட்டம் இருக்கும்போதே குறைந்திருக்கிறது. வீட்டுக்குள் பேசுகிற பேச்சுதான் அந்தக் கணக்கை இறக்குகிறது. நம் வீட்டுக்குள் அந்தப் பேச்சு வேண்டாம். மூன்று பிள்ளைகளும் இரண்டு பிரசவமும் அவள் உடம்புக்குப் போதும். நிறுத்திக்கொள்ளும் ஆபரேஷனை நீயே செய்துகொள்ளலாம். ஆணுக்கு அது சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். லீவில் வரும்போது யோசி.

பேர் விஷயத்திலும் இதே விஷம் உண்டு. சாத்தாரா மாவட்டத்தில் 'நகுசா' என்ற பேரோடு வளர்ந்த 285 சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் விழா வைத்துப் புதுப்பேர் கொடுத்தார்கள். வேண்டாதவள் என்று பள்ளிக்கூடத்தில் தினமும் கூப்பிடப்பட்ட பிள்ளைகள். மராட்டியரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்றே பெண்ணுக்குப் பேர் வைத்தார்கள். தெற்கே 'போதும்பொண்ணு' எத்தனை பேர்! இப்போது அப்படி வைக்க மாட்டார்கள்தான். ஆனால் நம் வீட்டில் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பேரே வைக்காமல், "பெருசு, சிறுசு" என்று தள்ளிக்கொண்டே போகிறார்கள். பையன் என்றால் ஜோசியரிடம் எழுத்துக் கேட்டு எப்போதோ முடித்திருப்பார்கள்.

இனி பால். ஊரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா சேனை தொட்டு வைக்க சர்க்கரைத் தண்ணீரோடு நின்றாள். நான் விடவில்லை. வருத்தம்தான் அவளுக்கு. முதல் சீம்பாலைவிட உசந்த சேனை எது? எடை குறைந்த குழந்தைகளுக்கு அது உயிர். இரண்டு பேருக்கும் பால் பற்றுமா என்று உன் பெண்டாட்டி பயப்படுகிறாள். அடிக்கடி குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989ல் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது அது. முகம் தெரியாத தாய்மார்கள் கொடுத்த பாலில் எத்தனை குறைமாதப் பிள்ளைகள் பிழைத்தன! அந்த ஊர்க்காரர்கள் நாம். தாய்ப்பால் பற்றவில்லை என்று பவுடர் டப்பாவுக்கு அவசரப்பட வேண்டாம், டாக்டர் சொன்னால் பார்க்கலாம். குழந்தையைச் சட்டையில்லாமல் நெஞ்சோடு ஒட்டி அணைத்து வைத்தால் உடம்புச் சூடு நிற்கும், எடையும் ஏறும். அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை. நீ வந்ததும் ஒருத்தியை உன் நெஞ்சில் போட்டுக்கொள்.

தண்ணீர்க் கஷ்டம் உனக்கே தெரியும். மும்பைக்கே குடிநீரைச் சுத்தம் செய்து அனுப்புகிற பாண்டுப் காம்ப்ளெக்ஸ் பக்கத்தில் இருக்கிறது, நம் மேட்டுக் குழாயில் வருவதோ கொஞ்ச நேரம். இரட்டைப் பிள்ளைத் துணி மலையாகக் குவிகிறது. தொட்டில் விழாவுக்கு மண்டபம் எடுக்க வைத்திருக்கும் பணத்தில் ஆறு மாதத்துக்குத் துணி துவைக்க ஆள் போடு. மண்டபம் வேண்டவே வேண்டாம். வாசலில் பாட்டுப் பாடித் தொட்டில் கட்டுவோம், பக்கத்து மராட்டிப் பெண்களும் தங்கள் பார்ஸே தொட்டில் பாட்டோடு வந்துவிடுவார்கள்.

எனக்கு மனசை அறுப்பது பெரியவள் விஷயம். ஆறு வயசுதான் அவளுக்கு. அதற்குள் எல்லாரும் "நீதான் இனிமே சின்ன அம்மா" என்கிறார்கள். அவளும் பெருமையாகத் துணி மடிக்கிறாள், பாத்திரம் கழுவப் போகிறாள். நேற்று வீட்டுப்பாடம் எழுதவில்லை. இப்படித்தான் தொடங்கும் மருமகனே. மூத்த பெண் என்ற ஒரே காரணத்துக்காக அவள் பள்ளிக்கூடம் தேயும், விளையாட்டுப் போகும், பதினைந்து வயதில் வீட்டுக்குச் சம்பளமில்லாத ஆயாவாக நிற்பாள். வார்டில் இடுப்பில் தம்பி தங்கையோடு வந்து நின்ற சிறுமிகளை நான் நிறையப் பார்த்தவள். தங்கைகள் வந்ததால் அவளிடமிருந்து எதுவும் பறிபோகக் கூடாது. நீ போன் செய்யும்போது பாப்பாக்களைக் காட்டச் சொல்வதற்கு முன்னால் அவள் அன்றைக்கு என்ன படித்தாள், யாரோடு விளையாடினாள் என்று கேள். சாயங்காலம் அவளை என் ரூமுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தமிழ் எழுத்தை நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

காகித வேலைகள் சில உண்டு. செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இரண்டாவது பிரசவம் இரட்டையாக இருந்தால் மூன்று பேருக்கும் தொடங்கலாம், பிறப்புச் சான்றிதழோடு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். வருஷத்துக்கு 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம், பதினைந்து வருஷம் கட்ட வேண்டும். மூன்றிலும் ஒரே தொகை போடு. அதை நகைக்கென்று எண்ணாதே, படிப்புக்கென்று எண்ணு. பதினெட்டு வயதில் பாதி வரை எடுக்க வழி இருக்கிறது.

ஊரில் தாத்தா நிலம் இருக்கிறது. அதில் பெண் பிள்ளைக்குப் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லும், இங்கே 1994லும், நாடு முழுக்க 2005லும் சட்டம் வந்தாயிற்று. 2005 சட்டம் வந்த தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லையென்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "வாரிசு இல்லையே" என்று உன் சித்தப்பா இழுத்தால், மூன்று வாரிசுகள் இருக்கிறார்கள் என்று மரியாதையாகச் சொல். நம் சாலுக்குக் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் (எஸ்.ஆர்.ஏ.) வீடு வரும் நாளில் உன் பெண்டாட்டி பேரும் உன் பேரோடு சேர்ந்திருக்க வேண்டும், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக, பேர். 2024 மே 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு மகாராஷ்டிரத்தில் அரசு ஆவணங்களில் பிள்ளை பேர், தாய் பேர், தகப்பன் பேர், குடும்பப் பேர் என்று வரிசை. எனக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடித்திருக்கிறது. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். பெரியவள் சான்றிதழில் எது குடும்பப் பேராகப் பதிவாகியிருக்கிறதோ அதையே இவர்களுக்கும் வை. இல்லாவிட்டால் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று அக்கா தங்கையும் தாங்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். பேரைப் பிறகு சேர்க்கவும் விதி உண்டு, ஆனால் தள்ளிப் போடாதே. இந்த வெள்ளிக்கிழமை லீவில் நீயும் அவளும் பேசி முடிவு செய்யுங்கள். அவளுக்குப் பிடித்த பேர் ஒன்று இருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாள், கேட்டு வாங்கு. இரண்டு பேரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பிசகாமல் எழுதி எனக்கு அனுப்பு. எஸ் வார்டு ஆபீசுக்கு நானே போய்ப் பதிந்துவிட்டு வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் நிறையத் தண்ணீர் குடி.

அன்புடன்,
அத்தை